வாசகர் கேள்வி-பதில்: கேம், அனிமேஷன், வெப்சைட்

கேள்வி: பி.சி.ஏ. கடைசி வருஷம் படிக்கிறேன். துள்ளும் பந்து அனிமேஷன், பாம்பு கேம், டிபார்ட்மென்ட்டுக்கு வெப்சைட் என்று நிறைய ஆரம்பித்தேன், எதுவுமே முழுசாக முடியவில்லை. இன்டர்வியூவில் எதைக் காட்டுவது சார்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பாம்பு கேமை முடியுங்கள். மற்றதை அதுவரை தொடவே வேண்டாம். அரைகுறையாகப் பத்து இருந்தால் எதையும் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள், ஒன்றே ஒன்று, லிங்க்கைத் தட்டியதும் ஓடுகிறது என்றால் எதிரே இருப்பவர் கொஞ்ச நேரமாவது ஆடிப் பார்ப்பார், உங்கள் வேலை என்னவென்று அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

தொடங்க ஒரு பட்டன், தோற்றதும் மறுபடி ஆட ஒரு பட்டன், ஸ்கோர், சத்தத்தை நிறுத்த ஒரு வழி, இவ்வளவும் இருக்கட்டும். அப்புறம் போன். எல்லோரும் அம்புக்குறி கீயை வைத்துத்தான் எழுதுகிறார்கள், ஆனால் உங்கள் லிங்க்கை வாட்ஸ்அப்பில் திறப்பவர் கையில் அந்த கீயே இல்லை. விரலால் இழுத்தால் பாம்பு திரும்ப வேண்டும், இழுக்கும்போது பக்கமும் சேர்ந்து நகரக் கூடாது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ்.ஸில் டச்-ஆக்‌ஷனை 'நன்' (none) என்று வைத்தால் நகராது.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். பாம்பு வலப்பக்கம் போகும்போது மேல், இடது இரண்டையும் படபடவென்று அழுத்துங்கள். பாம்பு ஒரு கட்டம் நகர்வதற்குள் திசை இரண்டு தடவை மாறி, தன் கழுத்திலேயே மோதிச் செத்துவிடும். ஆடியவர் மேல் தப்பே இல்லை. அழுத்திய திசைகளை வரிசையாகச் சேர்த்து வைத்து, ஒரு நகர்வுக்கு ஒன்று என்று எடுத்தால் சரியாகிவிடும். இதை எப்படிப் பிடித்தீர்கள், எப்படிச் சரிசெய்தீர்கள் என்று இன்டர்வியூவில் சொல்லுங்கள், கோர்ஸ் சர்டிஃபிகேட்டை விட எனக்கு இதுதான் பெரிசு. முடித்ததும் கேமை இணையத்தில் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸிலோ இட்ச் டாட் ஐஓவிலோ ஏற்றிவிடுங்கள், காசு கிடையாது.

கேள்வி: என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடும் கேம், நண்பனின் புது லேப்டாப்பில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஒரு வரிகூட மாற்றவில்லை. ஏன்?
– இன்ஜினீயரிங் மாணவர், நாகர்கோவில்

உங்கள் திரை 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும்; அவருடையது 120 ஆக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டின் ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம், பெரும்பாலும் திரை எத்தனை தடவை புதுப்பிக்கிறதோ அத்தனை தடவை உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு தடவை திரையில் வரைவதற்கு, 5 பிக்சல் நகர் என்று எழுதியிருந்தால் உங்களிடம் நொடிக்கு 300 பிக்சல், அவரிடம் 600. அதனால் வேகத்தை நொடிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, போன ஃபிரேமுக்கும் இந்த ஃபிரேமுக்கும் இடையே போன நேரத்தால் பெருக்குங்கள். அந்த நேரத்துக்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும், 50 மில்லிசெகண்ட் போதும். இல்லாவிட்டால் வேறு டேபுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது இடைவெளி பல நொடியாகி, பந்து சுவரைத் தாண்டிப் போய்விடும்.

கேள்வி: தமிழ்ச் சொல் விளையாட்டு ஒன்று செய்கிறேன். எழுத்துகள் மேலிருந்து ஒவ்வொன்றாக விழ வேண்டும். ஆனால் துணைக்கால் தனியாக, மெய்யின் புள்ளி தனியாக விழுகிறது!
– பி.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்

தமிழில் கேம் செய்ய உட்கார்ந்தீர்களே, அதற்கே ஒரு சபாஷ். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் மெய்யும், அகரம் தவிர மற்ற உயிர்மெய்யும் பல துண்டுகளாகத்தான் இருக்கின்றன. 'தமிழ்' என்ற சொல்லின் லெங்த்தை (நீளத்தை) கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஸ்ப்ளிட் போட்டு வெட்டினால் இந்த ஐந்தும் தனித்தனியாகத்தான் விழும். இன்டல் டாட் செக்மென்டர் (Intl.Segmenter) என்று ஒன்று பிரவுசரிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் த, மி, ழ் என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும். ஃபயர்ஃபாக்ஸில் 2024-ல்தான் வந்தது, பழைய பதிப்பு வைத்திருப்பவர்களையும் நினைவில் வையுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அது உடைத்துவிடும், நீங்களே சேர்க்க வேண்டும். ஃபான்ட்டுக்கு கூகுள் ஃபான்ட்ஸில் பாலூ தம்பி, முக்தா மலர் இருக்கின்றன, குழந்தைகள் ஆடுவதென்றால் என் ஓட்டு பாலூ தம்பிக்கு.

கேள்வி: மகள் பிளஸ் டூ. கேம் செய்கிறேன் என்று எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால்தான். இது படிப்பில் சேருமா?
– ஒரு தந்தை, ஈரோடு

சேரும். கேமில் ஒரு பொம்மை குதித்துக் கீழே வருவதற்கு அவள் எழுதுவது பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த வேகமும் புவியீர்ப்பு முடுக்கமும்தான், வட்டமாகச் சுற்ற வைக்க சைனும் காஸும் வேண்டும். ஆனால் பொதுத்தேர்வு முடியும்வரை வார இறுதி மட்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பேசுவதற்கு முன் அவள் கேமை ஒரு தடவை ஆடிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கல்லூரியில் ஃபிளாஷில் செய்த அனிமேஷன் பழைய சி.டி.யில் கிடக்கிறது. பார்க்க வழி உண்டா?
– வாசகர், புதுச்சேரி

உண்டு. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டுவிட்டது, ஆனால் ரஃபிள் என்ற இலவச மென்பொருள் எஸ்.டபிள்யூ.எஃப். கோப்புகளை (ஃபிளாஷில் செய்து முடித்த அனிமேஷன்) ஓட்டும். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 என்ற ஃபிளாஷ் நிரல்மொழியில் எழுதியதென்றால் சில இடங்களில் தடுமாறலாம். முதலில் சி.டி.யில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்துவிடுங்கள், எஃப்.எல்.ஏ. கோப்புகள் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) இருந்தால் அவற்றையும் விடாமல்.