ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்: வாசகர் கேள்வி, என் பதில்

மாரி தொடங்கினால் எங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. தூக்கினாலும் நிற்பதில்லை. வெயில் எறித்ததும் தானாகச் சரியாகிறது. எலக்ட்ரீஷியன் வரும் நேரம் ஒரு பிழையும் இல்லை. என்ன செய்வது? (கல்லடி)

வெயில் எறித்ததும் சரியாகிறது என்கிறீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. எங்கோ நனைகிற இடத்தில் கரண்ட் கசிகிறது. வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று ட்ரிப் சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் பெரும்பாலும் இருப்பது 30 மில்லிஅம்பியர் வகை. அவ்வளவு சிறிய கசிவுக்கே விழுந்துவிடும். உயிரைக் காப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

முதலில் கைகளைத் துடைத்து, காய்ந்த செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். சின்னப் பிரேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே போடுங்கள். ட்ரிப் சுவிட்சை முழுதாகக் கீழே அழுத்திவிட்டு மேலே தூக்குங்கள். பாதியில் நிற்கும் சுவிட்ச் அப்படியே தூக்கினால் ஏறாது. ட்ரிப் சுவிட்ச் விழாமல் மேலேயே நின்றால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போட்டு, மறுகா பிளக்குகளை ஒவ்வொன்றாகக் குத்துங்கள். எதில் விழுகிறதோ அங்கேதான் பிழை. கேற் லைட், கிணற்று மோட்டர், ஓடு ஒழுகும் சுவரில் உள்ள சுவிட்ச், இந்த மூன்றையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

பிரேக்கரை மட்டும் கீழே போட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றாமல் விடாதீர்கள். சாதாரணச் சின்னப் பிரேக்கர் லைவ் வயரை மட்டுமே துண்டிக்கும். நியூட்ரல் வழியாகக் கசிவு தொடரலாம். எல்லாம் கழற்றியும் விழுந்தால் பிழை வயரிங்கில் இருக்கிறது. மழை நாளிலேயே ஆளைக் கூப்பிட்டு, மெகர் (வயரின் உறை கசிகிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த நாளில் வந்தால் அவருக்கும் பிழை பிடிபடாது.

இன்னொன்று. வீட்டுக்குள் வெள்ளம் ஏறியிருந்தால் தண்ணீரில் நடந்து போய்ச் சுவிட்சைத் தொடாதீர்கள். வெளியே நின்றே மின்சார முறைப்பாட்டு இலக்கமான 1987க்கு அழைத்து லைனைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

சஹர் நேரம் கேத்தலும் ரைஸ் குக்கரும் அயனும் ஒன்றாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஒரு பிரேக்கர் விழுகிறது. அதில் C10 என்று இருக்கிறது. 32 போட்டால் விழாது என்று கடையில் சொன்னார்கள். மாற்றலாமா? (காத்தான்குடி)

மாற்றவே வேண்டாம். கணக்கைப் பாருங்கள். நமக்கு வருவது 230 வோல்ட். 2000 வாட் கேத்தல் கிட்டத்தட்ட 8.7 அம்பியர், 700 வாட் குக்கர் 3, 1000 வாட் அயன் 4.3. மொத்தம் 16. உங்கள் C10, பத்து அம்பியர் தாங்கும் பிரேக்கர், சூடேறிக் கொஞ்ச நேரத்தில் விழுகிறது. போட்ட கணமே விழுந்திருந்தால் ஷோர்ட் என்று சந்தேகப்பட்டிருப்பேன்.

பிரேக்கர் காப்பது கேத்தலை என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது சுவருக்குள் ஓடும் வயரை. பழைய வீடுகளில் லைட் லைன் பெரும்பாலும் 1/1.13 (1 சதுர மில்லிமீற்றர்) வயர். அதற்கு 32 பிரேக்கர் போட்டால் வயர் உருகும்வரை பிரேக்கர் விழாது. அந்த நெருப்பு சுவருக்குள்ளே தொடங்கும், எல்லாரும் தூங்கும் நேரத்திலும் தொடங்கலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

சமையலறைக்குத் தனியாக 7/0.67 (2.5 சதுர மில்லிமீற்றர்) வயரில் ஒரு லைன் இழுத்து, அதற்கென 16 அல்லது 20 அம்பியர் பிரேக்கர் போடச் சொல்லுங்கள். அதுவரை கேத்தல் கொதித்த பிறகு அயனைப் போடுங்கள்.

ட்ரிப் சுவிட்சில் T என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தலாமா? (அக்கரைப்பற்று)

கட்டாயம் அழுத்த வேண்டும், மாதம் ஒருமுறை. அழுத்தியதும் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். விழுந்தாலும் எர்த் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அந்தப் பொத்தான் எர்த்தைச் சோதிப்பதில்லை. நம் கரையோர மணல் கோடையில் காய்ந்து கிடக்கும், உப்புக் காற்று எர்த் கம்பியின் கிளாம்பை அரித்துவிடும். அதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இடி மின்னலுக்கு ட்ரிப் சுவிட்ச் விழுந்து, வீட்டில் ஆளில்லாத நேரம் ஃபிரிட்ஜில் மீன் பழுதாகிறது. ட்ரிப் சுவிட்சை விட்டு நேரே இணைக்கலாமா? (திருக்கோவில்)

மீன் போனால் வாங்கலாம். ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் பிள்ளை ஈரக் கையால் ஃபிரிட்ஜைத் தொட்டால்? நேரே இணைக்க வேண்டாம். ஃபிரிட்ஜை மட்டும் மெயின் ட்ரிப் சுவிட்ச் வழியாகப் போகாத தனி ஆர்சிபிஓவுக்கு (ட்ரிப் சுவிட்சும் பிரேக்கரும் ஒன்றாக இருப்பது) மாற்றலாம். அப்போது வேறு லைனில் வரும் கசிவுக்கு ஃபிரிட்ஜ் நிற்காது. மின்னலால் திடீரென ஏறும் வோல்டைத் தடுக்கும் சேர்ஜ் புரொடெக்டரும் போட்டால் நல்லது. இடி கேட்கத் தொடங்க முன்பே டிவி, ரவுட்டர் பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்.

எல்லாப் பிரேக்கரும் மேலேதான் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் கரண்ட் இருக்கிறது, எங்களுக்கு மட்டும் இல்லை. (ஏறாவூர்)

அப்படியென்றால் பிழை மீட்டர் பக்கமோ வெளி லைனிலோ இருக்கலாம். மீட்டர் சீலைத் தொடாதீர்கள். பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1987க்கு அழையுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.