புதையல், பண்டைய மர்மம், பூமியின் எதிர்காலம்: புதிதாக வருவதில் எதை நம்பிப் படிக்கலாம்?

கேள்வி கேட்டவர், இந்த மூன்றையும் பற்றிப் புத்தகமும் ஆவணப்படமுமாக மாதாமாதம் வந்து குவிகிறதே, எதில் தொடங்குவது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறார். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் புதையல் இருப்பது உண்மையா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

காரைக்குடிப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தைப் பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் வரும் பள்ளிப் பிள்ளைகள் அதிகம் கேட்பதும் இந்த மூன்றைத்தான். நான் ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது இதுதான்: பொருள் எந்த ஊரில், யார் கையால், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது, அதன் வயதை எப்படிக் கணக்கிட்டார்கள். இது முதல் ஐம்பது பக்கத்துக்குள் வந்துவிட்டால் மேலே படிப்பேன். வராவிட்டால் மூடி வைத்துவிடுவேன்.

உதாரணத்துக்கு, தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கையைச் சொல்லலாம். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பு கிடைத்த அகழாய்வின் கரித்துண்டு ஒன்று கி.மு. 3345 என்று காலம் காட்டுகிறது. இவ்வளவு பழைய காலத்தை ஏற்க இன்னும் சான்று வேண்டும் என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி கேட்க முடிவதே அறிக்கையில் மாதிரியும் இடமும் ஆய்வுக்கூடமும் எழுதியிருப்பதால்தான். கீழடியும் அப்படித்தான். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580 என்று 2019 அறிக்கை சொன்னது. கீழடி எங்கள் சிவகங்கை மாவட்டம்தான். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கே போனால் பானை ஓட்டில் கீறிய பெயர்களின் முன்னால் நில்லுங்கள். ஆதன், குவிரன் என்று தன் பெயரை யாரோ எழுதியிருக்கிறார்கள். நான் போன அன்று ஒரு சின்னப் பெண் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் காற்றில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குமரிக் கண்டம் பற்றி வருவனவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1864இல் ஃபிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே இன விலங்குகளின் தடயம் இருப்பதை விளக்க ‘லெமூரியா’ என்ற நிலத்தைக் கற்பனை செய்தார். பின்னால் தமிழில் அதைத்தான் குமரிக் கண்டம் என்று எழுதினார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த நிலம் தேவைப்படவில்லை. ஆனால் கடைசிப் பனியூழியின் உச்சத்தில் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது, நமக்கும் இலங்கைக்கும் நடுவே தரை இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் புத்தகம் கிடைத்தால் வாங்குங்கள்.

அப்புறம் புதையல். கொலம்பியாவின் கார்த்தகேனா கடலில் 1708இல் மூழ்கிய சான் ஹோசே கப்பலை 2015இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருக்கும் தங்கத்தின் மதிப்பைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது 2025இல் வந்த ஆய்வு. கடலடியில் கிடக்கும் காசுகளைப் படமெடுத்து, 1707இல் லிமாவில் அச்சடித்தவை என்று படித்து, இது அந்தக் கப்பல்தான் என்பதற்கு வலுவான சான்று சேர்த்தார்கள். காசை விற்று என்ன கிடைக்கும் என்று பார்க்காமல் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்கு வருகிறேன். நாலு வருடத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் ஒரு பெரிய வீட்டைப் பங்காளிகள் சேர்ந்து விற்க முடிவு செய்தார்கள். வீட்டில் மிஞ்சியிருந்தவர் ஓர் ஆச்சி மட்டும். “புத்தகம் இருக்கு தம்பி, நூலகத்துக்கு ஆகுமான்னு வந்து பாரு” என்று ஆள் அனுப்பினார். போனேன். பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்தில் இரண்டு இளைஞர்கள் உலோகம் காட்டும் கருவியை வாடகைக்கு எடுத்து வந்து குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஏதோ புதையல் காணொளி பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் வரை தோண்டியதில் கிடைத்தவை ஒரு பீப்பாய் வளையமும் எனாமல் உதிர்ந்த ஒரு சட்டியும். (சொல்லவேண்டிய விஷயம்: 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அது இன்றும் நடப்பில் உள்ள சட்டம்.)

அதே நேரத்தில் வீட்டு முகப்பில் ஒரு சுமை ஆட்டோ நின்றது. உள்வீட்டு அலமாரிகளிலிருந்து பேரேடுகளும் சிட்டைகளும் கட்டுக்கட்டாகக் கடிதங்களும் வெளியே வந்து, பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறி, ஆட்டோவுக்குப் போய்க்கொண்டிருந்தன. பேரேட்டின் தோல் அட்டையைத் தனியாகக் கிழித்துப் போட்டார்கள், தாளோடு சேர்த்தால் எடை போட மாட்டாராம். நான் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். “கரையானுக்குத்தானே ஆகுது, உனக்கு வேணுங்கிறத எடுத்துக்க” என்றார். என்னிடம் ஒரு சாக்குதான் இருந்தது. ஒரு சாக்கு நிறைய எடுத்தேன். மற்றதெல்லாம் போய்விட்டது. இன்னும் இரண்டு சாக்கு கொண்டு போயிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அந்தச் சாக்கில் ஒரு கடிதம். மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், பிறகு ‘பிரமோதூத வருஷம் சித்திரை மாதம் 26’. பர்மாவில் பெகு ஊர்க் கடையிலிருந்த அடுத்தாள் (கடையில் வேலை பார்த்த உதவியாளர்) ஊரிலிருக்கும் முதலாளிக்கு எழுதியது. எழுத்துக்குப் புள்ளி கிடையாது, தொகையெல்லாம் தமிழ் எண். படிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் பூமி ஆடியது, பெரிய பயா சாய்ந்துவிட்டது, பஜாரில் தீப்பிடித்தது, நாங்கள் தெருவில் படுத்திருக்கிறோம், பெட்டி பத்திரம், கணக்குப் புத்தகமும் பத்திரம் என்று எழுதியிருக்கிறார். ‘பயா’ என்றால் புத்தர் கோயில், பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் வாயில் புழங்கிய சொல். தாளின் ஒரு ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. கடைசி வரி, “மற்றவை அடுத்த தபாலில்”. அடுத்த தபால் அந்த ஆட்டோவில் போயிருக்கும்.

வருடத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்தப் பிரமோதூத 1930 சித்திரையில் பிறந்தது. 1930 மே 5 அன்று பெகுவில் பெரிய நிலநடுக்கம், ஷ்வேமோடோ பகோடா இடிந்தது. அதே வருடம் டிசம்பரில் வடக்கே பியூவிலும் பெரிய நடுக்கம். இரண்டும் பர்மாவை வடக்குத் தெற்காகப் பிளந்து போகும் சகாயிங் பிளவின் மேல் நடந்தவை. 2025 மார்ச் 28 அன்று மாண்டலே பக்கம் 7.7 அளவில் ஆடி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் அதே பிளவுதான். இப்படிப்பட்ட பிளவின் எந்தத் துண்டு எப்போது அசைந்தது, எது பல காலமாக அசையாமல் இறுகிக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் இனி எங்கே ஆபத்து அதிகம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கருவிகள் குறைவாக இருந்த காலத்துக்கு அவர்களுக்குத் துணை கல்வெட்டும் கோயில் பதிவும் இந்த மாதிரிக் கடிதமும்தான். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஆடியது, எது விழுந்தது, எது நின்றது என்று ஒரு கடை அடுத்தாள் எழுதி வைத்திருக்கிறார். பூமியின் எதிர்காலம் என்று நீங்கள் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இதை எங்கள் பக்கத்திலேயே ஒருவர் முன்பே உணர்ந்திருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர் தூக்கிப் போடுவதையெல்லாம் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது சேகரிப்பு ஒரு லட்சத்தைத் தொட்டிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல், 1994இல் சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக்கியது. இன்று சிந்துவெளி எழுத்தை ஆராயும் மையமும் அந்த நூலகத்தில் இயங்குகிறது. அதற்கு வழிகாட்டியவர் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். பண்டைய மர்மங்களில் பெரியது சிந்து எழுத்து. அதைப் படிக்க முயல்கிறவர்களுக்குக் கோட்டையூர்க்காரர் பெயரில் ஓர் இடம் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறையும்.

இப்போதைய கண்டுபிடிப்புகளில் பிள்ளைகளுக்கு நான் ஆசையாகச் சொல்வது இத்தாலியின் ஹெர்குலேனியம் சுருள்கள் கதை. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்ததில் கரியாகிப்போன சுருள்கள். பிரித்தால் பொடியாகும். பிரிக்காமலே ஊடுகதிர்ப் படமெடுத்து, மைத்தடத்தைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, பதினைந்து பத்திகளைப் படித்த மூன்று மாணவர்களுக்கு 2024இல் 7,00,000 டாலர் பரிசு கொடுத்தார்கள். கரிக்கட்டியைக்கூடக் குப்பையில் போடாமல் இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் வைத்திருந்தார்களே, அதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன்.

கடல் பற்றியும் கேட்பார்கள். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய நகரத்தார் தங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம் என்பார்கள். கடல் பொங்கிய நினைவில்தான் வீட்டுத் தரையை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 செ.மீ. ஏறியிருக்கிறது. கரியமிலவாயு வெளியீடு மிக அதிகமாகவே தொடர்ந்தால் 2100க்குள் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை ஏறலாம் என்கிறது. பயமுறுத்தும் படங்களைவிட இந்த அறிக்கையின் சுருக்கத்தைப் படியுங்கள். கூடவே எங்கள் ஊர்களுக்கு ஒரு மழை நாளில் வாருங்கள். ஓட்டுக் கூரைத் தண்ணீர் வளவு முற்றத்தில் இறங்கி, கால்வாயில் தெருவுக்குப் போய், ஊருணிக்குச் சேரும் வழி இன்னும் சில தெருக்களில் அடைபடாமல் இருக்கிறது. வற்றாத ஆறு இல்லாத சீமையில் இத்தனை பேர் குடியிருந்தது இந்த வழியால்தான்.

சரி, எதில் தொடங்குவது? இரும்பின் தொன்மை அறிக்கையில் படங்கள் உள்ள பக்கங்களைப் புரட்டிவிட்டு, கீழடிக்கு ஒரு நாள் போய் வாருங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதமோ இசைகுடிமானமோ (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தம்) கணக்கோ இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுங்கள், யார் வீட்டுடையது, எந்த ஊர் என்று ஒரு தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். பழைய கையெழுத்து புரியவில்லை என்றால் கீழே கருத்தில் படத்தைப் போடுங்கள், எனக்குத் தெரிந்தவரை படித்துச் சொல்கிறேன்.