போட்டியில் நொறுங்கிய விமானம்: ஒட்டலாமா, புதிதாகக் கட்டலாமா?

கேள்வி: கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது, மாதிரி விமானத்தைக் கம்பியில் பிடித்துச் சுற்றிப் பறக்கவிடும் கன்ட்ரோல் லைன் பழகினேன். வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. ஒன்றரைக் கிலோவில், மின்மோட்டார் வைத்த ஸ்டன்ட் விமானம் ஒன்றைப் பார்த்துப் பார்த்துக் கட்டினேன். மே மாதம் தாம்பரத்தைத் தாண்டி ஒரு மைதானத்தில் போட்டி. காலைச் சுற்று அருமையாகப் போனது. பதினொன்றரை மணிக்கு இரண்டாவது சுற்று. தலைக்கு மேலே எட்டுப் போடும்போது லைன் திடீரென்று தொளதொளத்துவிட்டது. கைப்பிடியை முழுசாக இழுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. மூக்கு குத்தி விழுந்தது. இறக்கை நடுவில் முறிந்துவிட்டது, வால் தனியாக வந்துவிட்டது. மோட்டாரும் பேட்டரியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. உள்ளே ஏதோ கழன்றிருக்கும் என்கிறார்கள் சிலர். என் கைதான் காரணம் என்கிறார்கள் சிலர். இதை ஒட்டிச் சரிசெய்ய முடியுமா? — பெரம்பூர் வாசகர்

பதில்: முதலில் பசையைக் கீழே வையுங்கள். இறக்கையை ஒட்டுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். ஏன் விழுந்தது என்று தெரியாமல் ஒட்டினால், அதே காரணம் அடுத்த போட்டியிலும் உங்களுக்காகக் காத்திருக்கும். துண்டுகள் அட்டைப்பெட்டியில் அப்படியே இருக்கின்றன என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் ஒரு பழைய போர்வையில், விமானத்தில் இருந்த வரிசையிலேயே பரப்பிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கன்ட்ரோல் லைனில் ரேடியோ கிடையாது. கையில் கைப்பிடி, அதிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள். அவை இறக்கை நடுவில் இருக்கும் பெல்கிராங்க் என்ற தகட்டை ஆட்டும். அது ஒரு தள்ளுகம்பி வழியாக வாலில் உள்ள எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் மடலை, அசைக்கும். கம்பி விறைப்பாக இருக்கும்வரைதான் விமானம் உங்கள் பேச்சைக் கேட்கும்.

அந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுமார் 20 மீட்டர் கம்பி, ஒரு சுற்றுக்கு 5.2 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 24 மீட்டர். ஒன்றரைக் கிலோ விமானம் அப்போது உங்கள் கையை நாலரைக் கிலோ அளவுக்கு இழுக்கும். நல்ல இழுவைதான். ஆனால் விமானம் உச்சந்தலைக்கு மேலே வரும்போது அதன் சொந்த எடை உங்களை நோக்கி இறங்குகிறது. ஒன்றரைக் கிலோ கழிந்துபோகும். ஏறும்போது வேகமும் குறையும். அது விநாடிக்கு 18 மீட்டருக்கு இறங்கிவிட்டால் மேலே மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு கிலோதான். அந்த ஒரு கிலோவை ஒரு காற்று வீச்சு தின்றுவிட்டுப் போய்விடும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது நேரம்தான். மே மாதம், பதினொன்றரை மணி. கோடையில் சென்னையில் காலைக் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். அதற்கேற்ப நீங்கள் மேற்கே முதுகைக் காட்டி, காற்று போகும் பக்கமான கிழக்கில் வித்தைகளைப் போட்டிருப்பீர்கள். அதுதான் முறை; அந்தப் பக்கம் காற்றே விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை விறைப்பாக வைத்திருக்கும். கடல் காற்று ஏறியதும் எல்லாம் தலைகீழ். தென்கிழக்கிலிருந்து வீசுகிறது, நீங்கள் வித்தை போடும் அதே கிழக்குப் பக்கத்தில் விமானத்தை உங்கள் மேலேயே தள்ளுகிறது. கடல் காற்று சில நாள் முன்னதாகவே வரும், சில நாள் மதியம் தாண்டித்தான் வரும். மெரினாவில் நிற்பவருக்கு முதலில் தெரியும், தாம்பரம் பக்கம் சற்றுப் பிந்தும். வருவதற்குச் சற்று முன் காற்று செத்தது போல ஒரு அமைதி இருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த அமைதியைப் பார்த்து ‘நல்ல வேளை, காற்று அடங்கிவிட்டது’ என்று களத்தில் இறங்குபவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஆகவே என் சந்தேகம் முதலில் காற்றின் மேல்தான். ஆனாலும் கடிதத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உள்ளே கழன்றதா என்பதை உடைந்த துண்டுகளே சொல்லும்.

கம்பியில் தொடங்குங்கள். அறுந்திருந்தால் அறுந்த நுனியை பூதக்கண்ணாடியில் பாருங்கள். எல்லா இழையும் பளபளவென்று ஒரே மாதிரி அறுந்திருந்தால் மோதலில் போனது. இரண்டு மூன்று இழை மட்டும் பழுப்பேறி மங்கியிருந்தால் அவை முன்பே போய்விட்டவை. மிச்சம் இருந்தவை அன்று கைவிட்டன. பெரும்பாலும் இது கம்பியைச் சுற்றிக் கட்டிய முனையில்தான் நடக்கும். கம்பி முழுதாக இருந்தால் இறக்கைக்குள் பாருங்கள். நைலான் பெல்கிராங்க் வளைந்து வளைந்து களைத்திருந்தால் முறிந்த இடத்தைச் சுற்றி வெளுத்திருக்கும். மரத்தில் பழைய விரிசல் என்றால் அதன் உதடு அழுக்கேறி இருக்கும். மோதலில் பிளந்த பால்சா மரம் உள்ளே பச்சரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும். தள்ளுகம்பி, எலிவேட்டரில் அது மாட்டும் ஹார்ன் என்ற சின்னக் கொம்பைவிட்டு வெளியே வந்திருந்தால் அதன் பூட்டு எங்கே என்று தேடுங்கள். பூட்டு தன் இடத்திலேயே நெளிந்து கிடந்தால் மோதலின் வேலை. பூட்டே இல்லை, உடைந்த அடையாளமும் இல்லை என்றால் அது பறக்கும்போதே போய்விட்டது, உள்ளே ஏதோ கழன்றது என்றவர்கள் சொன்னது சரி.

இவை எல்லாம் நன்றாக இருந்தால் குற்றவாளி காற்றுதான். உங்கள் கையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பி தளர்ந்ததும் கைப்பிடியை முழுசாக இழுத்தீர்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் இழுப்பார்கள். ஆனால் தளர்ந்த கம்பியில் எவ்வளவு இழுத்தாலும் எலிவேட்டருக்குப் போய்ச் சேராது. கம்பி மறுபடி விறைக்கும் நொடியில் அந்த முழு இழுப்பும் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்து விமானத்தைக் குட்டிக்கரணம் போட வைக்கும். கை நடுவில் இருக்கட்டும். கால்தான் வேலை செய்ய வேண்டும். விமானத்துக்கு எதிர்த்திசையில் பின்னோக்கி ஓடுங்கள். ஏழெட்டு எட்டு வைத்தாலே பல நேரம் கம்பி திரும்ப விறைத்துவிடும். விமானம் இல்லாமலேயே மைதானத்தில் இதைப் பழகலாம், பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

சரி, ஒட்டலாமா? வேண்டாம் என்பதுதான் என் பதில். இறக்கை ஓரத்தில் முறிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். விளிம்பை நீளமாகச் சாய்வாக வெட்டி இணைத்து, உப்புத்தாள் போட்டு, மேலே தாள் ஒட்டினால் அடையாளமே தெரியாது. உங்களுடையது நடுவில் முறிந்திருக்கிறது. பெல்கிராங்க் உட்கார்ந்திருக்கும் இடம் அது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த நாலரைக் கிலோவும் அதன் மேல்தான் விழுகிறது. சர்வதேச விதிப்படி எஃப்2பி ஸ்டன்ட் பிரிவில் விமானத்தின் எடையைப் போலப் பத்து மடங்கு இழுத்துப் பார்த்த பிறகுதான் பறக்க விடுவார்கள். உங்கள் விமானத்துக்கு அது பதினைந்து கிலோ. ஒட்டுப் போட்ட நடுப்பகுதி அதை ஒருமுறை தாங்கலாம். எத்தனை முறை தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கம்பியை விட்டுப் பறந்த ஒன்றரைக் கிலோ விமானம் ஓரத்தில் நிற்பவர் மேல் போய் விழும். இந்த ஆபத்துக்கு முன்னால், அரால்டைட்டால் ஏறும் எடையும் முறுக்கிக்கொள்ளும் இறக்கையும் சின்ன விஷயம்.

ஆனால் எல்லாவற்றையும் தூக்கிப் போடாதீர்கள். வால் ஒட்டிய இடத்தில் பிரிந்ததா, வேறு எங்காவது விண்டதா என்று பாருங்கள். ஒட்டிய இடத்தில் மட்டும் பிரிந்திருந்தால் அப்படியே புதியதில் போகலாம். சக்கரம், சக்கரக் கம்பி, திருகுகள் எல்லாம் மிஞ்சும். முழுசாக இருக்கும் பாதி இறக்கையின் விலாக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். துண்டுகளைப் பகுதி பகுதியாகச் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். மூக்கில் எவ்வளவு, வாலில் எவ்வளவு என்று தெரிந்தால் புதியதைக் கட்டும்போது ஈயம் வைத்துச் சரிக்கட்டும் வேலை குறையும். புதிய இறக்கையில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன்: கம்பி வெளியே வரும் துளைகளை முன்னும் பின்னும் நகர்த்தும்படி வையுங்கள். சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளினாலே மூக்கு சற்று வெளிப்பக்கம் திரும்பி இழுவை கூடும்.

மோட்டாரை இப்போது மின்சாரம் கொடுத்துச் சுற்ற வேண்டாம். உள்ளே காந்தங்கள் இருக்கின்றன, மண்ணில் உள்ள இரும்புத் துகள்களை அவை இழுத்து வைத்திருக்கும். ஒட்டும் டேப்பை மடித்து விட்டு ஒத்தி எடுங்கள். பிறகு கையால் மெல்லச் சுற்றி, தண்டின் நுனி ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் தண்டு மாற்ற வேண்டும். முன்விசிறி கீறாமல் இருந்தாலும் குப்பைக்கு.

பேட்டரி விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன்: திரும்பப் பயன்படுத்தாதீர்கள். மூக்கு குத்திய லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) வெளியே நன்றாக இருந்தும், மணிக்கணக்கு கழித்துப் புகையலாம். படுக்கையறையில் இருந்தால் இப்போதே எடுத்து, மொட்டைமாடியில் மணல் போட்ட மண்சட்டியில், நிழலில் வையுங்கள். உப்பவில்லை, சூடாகவில்லை என்றால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம். வீட்டுக் குப்பையில் வேண்டாம்.

அடுத்த போட்டிக்கு ஒரு மூங்கில் குச்சியில் ரிப்பன் கட்டி வட்டத்துக்கு வெளியே நடுங்கள். பறக்கும்போது அதைப் பார்க்க நேரம் இருக்காதுதான். அதனால் இரண்டு வித்தைகளுக்கு நடுவே நேராகச் சுற்றும்போது கையைக் கவனியுங்கள்: எந்தப் பக்கம் இழுவை அதிகமோ அங்கேதான் காற்று போகிறது. அந்த இடம் நகர்ந்திருந்தால் நீங்களும் நகர வேண்டும். இழுவை எந்தப் பக்கமும் திருப்தியாக இல்லை என்றால் அந்த வித்தையை விட்டுவிடுங்கள். மதிப்பெண் போகும், விமானம் மிஞ்சும்.

பழைய கம்பியில் வளைவு முறுக்கு ஒன்று விழுந்திருந்தாலும் அதை நிமிர்த்திப் பயன்படுத்த வேண்டாம், புது ஜோடி வாங்குங்கள். இரண்டும் ஒரே நீளம்தானா என்று கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்துக் கட்டுங்கள். பறக்கவிட்ட பிறகு ஸ்பிரிட் தோய்த்த துணியால் முழு நீளமும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் கம்பி சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும். வளையங்கள் போட்டுக் கம்பி ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்போது அந்தச் சொரசொரப்பு பிடித்துக்கொண்டால், காற்றே இல்லாத நாளிலும் எலிவேட்டர் பாதியில் நிற்கும்.