தந்தி கொண்டுபோனவர்

அன்புள்ள ஐயா,

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பா பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்தவர். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தார் என்பதற்கு மேல் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. அப்புறம் காரைக்குடியில் ஒரு வங்கி வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் வேலை. அதையும் விட்ட பிறகு, மாதம் பிறந்தால் அங்கே போய் உட்கார்ந்து வயதானவர்களுக்குப் படிவம் எழுதிக் கொடுப்பார். போன ஆடியில் காலமானார். அவரோடு பட்டாளத்தில் இருந்த நாலு பெரியவர்கள் வந்து சல்யூட் அடித்தார்கள். அவ்வளவுதான்.

பதினாறு முடிந்த பிறகு என் மகன் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவில் 98 வயதில் இறந்த ஒரு சிப்பாயின் உடலை அவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில் வைத்து நாடே மரியாதை செய்கிறது. நம்மிடம் ஏன் அந்த வழக்கம் இல்லை? நமக்கு வீரர்களை மதிக்கத் தெரியவில்லை என்றுதானே பொருள்?

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சென்ற வாரம் வங்கிக்குப் போனபோது ஓர் ஆச்சி, ‘மிலிட்டரிக்காரவுகளைக் காணோமே, ஊருக்குப் போயிருக்காகளா?’ என்று அங்கே விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் காட்டிய வீடியோவில் இருப்பவர் ஹெர்ஷல் உட்ரோ வில்லியம்ஸ். ‘வுடி’ என்றால்தான் அங்கே தெரியும். மேற்கு வர்ஜீனியாவில் பால் பண்ணை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. உயரம் போதாது என்று மரைன் படையில் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1945 பிப்ரவரி 23 அன்று, ஜப்பானின் இவோ ஜிமா தீவில், முப்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள தீ உமிழும் கருவியை முதுகில் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஒவ்வொரு பதுங்கு அரணாகப் போய் அழித்தார். அவருக்கு மறைப்பாகச் சுட்டுக்கொண்டே வந்தவர்களில் இருவர் அன்றைக்கே இறந்தார்கள். இதற்காகக் கிடைத்த பதக்கம் அவர்களுடையது, நான் பார்த்துக்கொள்கிறவன் மட்டும்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2022 ஜூன் 29 அன்று இறந்தார். ஜூலை 14 அன்று அந்த மண்டப மரியாதை. அவருடைய வீரம் மட்டும் அதற்குக் காரணமில்லை. இரண்டாம் உலகப் போருக்காக அந்நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் பெற்ற 470-க்கும் மேற்பட்டவர்களில் உயிரோடு மிஞ்சியிருந்த கடைசி ஆள் அவர். மற்ற எல்லோருக்கும் சேர்த்து அந்தப் பெட்டியில் அவர் கிடந்தார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. படையில் சேர்வதற்கு முன் வுடி டாக்சி ஓட்டினார். போரில் இறந்தவர்களின் வீடுகளுக்குத் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. கதவைத் திறந்த முகங்களை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது. முதுமையில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பிள்ளையைப் போரில் இழந்த குடும்பங்களுக்காக ஊர் ஊராக நினைவுச் சின்னம் எழுப்பினார்.

நம் வட்டாரத்துக்குத் தந்தியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சேவகன் சைக்கிள் தெருவில் திரும்பினாலே, பிரித்துப் படிக்கும் முன் அழுகை தொடங்கிவிடும் என்று என் அப்பத்தா சொல்லியிருக்கிறார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்த பிறகு தந்தியும் இல்லை, கடிதமும் இல்லை. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஆட்கள் நடந்து வருகிறார்களா, போய்விட்டார்களா என்று தெரியாமல் முகப்பில் உட்கார்ந்து காத்திருந்த வீடுகள் எத்தனையோ. அதே பர்மாவில் சண்டை போட்டு, உடல்கூடக் கிடைக்காமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்களை ரங்கூனுக்கு வெளியே தவுக்கியானில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் நம்மவர் பெயர்களும் ஏராளம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நமக்கு மதிக்கத் தெரியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டெல்லியில் இந்தியா கேட் அருகே 2019 பிப்ரவரி 25 அன்று தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்கே கருங்கல் சுவரில் இருக்கின்றன. சாயங்காலம் ஒரு வீரரின் குடும்பத்தாரை அழைத்து மலர்வளையம் வைக்கச் செய்கிறார்கள். 2020 ஜூன் 15 அன்று சீன எல்லையில் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்து, வீர் சக்ரா விருது பெற்ற ஹவில்தார் பழனி நமக்குப் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர்க்காரர். அவர் பெயர் அந்தச் சுவரில் இருக்கும். உங்கள் அப்பா பெயர் இருக்காது. அவர் உயிரோடு திரும்பி வந்தவர்.

சிக்கல் இங்கேதான் என்று நினைக்கிறேன். செத்தவருக்கு வழி வைத்திருக்கிறோம். இறந்த வீரனுக்கு நடும் நடுகல்லுக்கு, கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை, தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். பெரும்படையைப் பெரிய படையல் என்று கொள்வோர் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் முன்னோரின் வேட்டி சேலையைப் பேழையிலிருந்து எடுத்து வைத்துப் படைக்கிறார்களே, அந்தச் சொல்லும் இதுவும் ஒன்றுதானோ என்று எனக்கு ஓர் ஆசை. திரும்பி வந்தவருக்கு என்ன செய்கிறோம்? வங்கி வாசலில் ஒரு ஸ்டூல் போடுகிறோம்.

விழா எடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஓர் ஊரில் வீரர் சிலைத் திறப்புக்குப் போயிருந்தேன். ஃப்ளெக்ஸில் திறந்து வைக்க வந்தவர் ஆளுயரம், வீரர் தபால்தலை அளவு. வீரரின் அம்மாவுக்கு மேடையில் நாற்காலி போட மறந்துவிட்டார்கள். மைக் செட் மட்டும் நன்றாக இருந்தது.

அப்பா ஒன்றும் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா? குற்றம் சொல்லவில்லை, எங்கள் தெருவிலும் ஒருவர் இருந்தார், நானும் கேட்கவில்லை. இப்போது செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1971-க்காகக் கொடுத்த சங்கிராம் மெடல் வட்டமாக, வெள்ளி நிறத்தில் இருக்கும். பெட்டியில் தேடுங்கள். கிடைத்தால் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அவருடைய எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருந்தால் எந்தப் படைப்பிரிவு, எங்கே நின்றார் என்று விசாரிக்கலாம். சல்யூட் அடித்த நாலு பெரியவர்களிடம் முதலில் போங்கள். அவர்களுக்கும் வயதாகிவிட்டது.

கடைசியில் சேர்த்த அந்த நாலு வரிதான் உங்கள் கடிதம். புறநானூற்றில் உறையூர் இளம்பொன் வாணிகனார் பாட்டு ஒன்று இருக்கிறது. இறந்த வீரனுக்குக் கல்லை நட்டாயிற்று, செம்பூ மாலையும் மயில் பீலியும் சூட்டியாயிற்று, பெயரும் பொறித்தாயிற்று. அதற்குப் பிறகு புலவர் கவலைப்படுவது ஒன்றைப் பற்றித்தான்: அவன் போனது தெரியாமல், பாடிப் பரிசில் பெறும் பாணர் கூட்டம் இன்றைக்கும் அவனைத் தேடி வந்துவிடுமோ? இரண்டாயிரம் வருடம் கழித்து அந்தப் பாணர் காரைக்குடியில், கையில் படிவத்தோடு நிற்கிறார்.

அந்த ஆச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டீர்களா?

அன்புடன்.