மிருதங்க சாதகம் (பயிற்சி): கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வயது 34, வேலைக்குப் போகிறேன். ஞாயிறு மட்டும் நாலு மணி நேரம் வாசித்தால் போதுமா?

பதில்: போதாது. ஆறு நாள் சும்மா இருந்த கை பழையபடி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். தினமும் 40 நிமிடம் உட்காருங்கள். முதல் 10 நிமிடம் 'தா தீ தொம் நம்' என்ற அடிப்படைச் சொற்கள் (சொல் என்பது ஒவ்வொரு அடிக்கும் வாயால் சொல்லும் பெயர்), முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில். அடுத்த 20 நிமிடம் ஒரே ஒரு பாடம். கடைசி 10 நிமிடம் ஆதி தாளக் கீர்த்தனை ஒன்றைப் போட்டு, அதற்கு சர்வலகு மட்டும், அதாவது தாளத்தோடு சீராக ஓடும் எளிய நடையை மட்டும், வாசியுங்கள். களைப்பாக இருந்தாலும் இதை விடாதீர்கள். பாட்டோடு வாசிக்கும் சுகம்தான் மறுநாளும் உட்கார வைக்கும்.

கேள்வி: ஆறு மாதமாக 'தரிகிடதக' என்ற சொற்கட்டு மூன்றாம் காலத்தில் (முதல் காலத்தைப் போல நான்கு மடங்கு வேகம்) கலைகிறது. விட்டுவிடலாமா என்றிருக்கிறது.

பதில்: விடாதீர்கள், கோளாறு சின்னதுதான். வாசிப்பதைப் போனில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள். பெரும்பாலும் 'ரி' முடிந்து 'கி' வரும் இடத்தில்தான் சறுக்கும். அங்கே வலக்கையிலிருந்து இடக்கைக்குச் சொல் மாறுகிறது, இடக்கை தாமதிக்கிறது. 'ரிகி' என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்து மெதுவாக வாசியுங்கள். பிறகு முழுச் சொல்லுக்கு வாருங்கள். மெட்ரோனோம் (சீரான வேகத்தில் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் கலைந்தால் 45-க்கு இறக்குங்கள். ஐந்து நிமிடம் பிசிறில்லாமல் வந்த பிறகு 3 அல்லது 4 மட்டும் ஏற்றுங்கள். முதலில் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பாருங்கள். வாயில் தடுமாறுவது கையில் நிற்காது. வேகத்தைத் துரத்துவதால்தான் பலர் இந்த இடத்தில் மனம் வெறுத்து நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: 'நம்' கணீரென்று வரவில்லை.

பதில்: மோதிர விரல் கரணையின் (வலப்பக்கத் தோலின் நடுவே உள்ள கறுப்பு வட்டம்) ஓரத்தில் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அழுத்தினால் நாதம் செத்துவிடும். ஆள்காட்டி விரல் மீட்டில் (ஓரத்துத் தோல் வளையம்) பட்டதும் உடனே எழும்ப வேண்டும்.

கேள்வி: மணிக்கட்டு வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு வாசிக்கலாமா?

பதில்: கூடாது. தோள் தூக்கியிருக்கிறதா பாருங்கள். அசதி வேறு, சுருக்கென்ற வலியும் மரத்துப்போவதும் வேறு. பின்னது வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மகன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரோடு சேர்த்துப் பேசப்படும் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர்தான். வலந்தலை (வழக்கமாக வலக்கையால் வாசிக்கும், கரணை உள்ள முகம்) இடப்பக்கம் வரும்படி திருப்பி வையுங்கள். மேடையில் மட்டும் உட்காரும் பக்கம் மாறும்; அதைப் பாடகரிடமும் வயலின்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.