நாய்க்கடி: ஊசி, பதிவேடு, சட்டம் – கேள்வி பதில்

பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நாய்க்கடி, வெறிநோய்த் (ரேபிஸ்) தடுப்பூசி, இவை தொடர்பான விதிகள் பற்றி வந்த கேள்விகளுக்குத் தமிழ்நாட்டு நடைமுறையை மனத்தில் வைத்துப் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன். இப்போதுதான் கடிபட்டு இதைப் படிப்பவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டுக் காயத்தைக் கழுவப் போகலாம். பதில்கள் எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என் ஐந்து வயது மகளின் கையில் பிறாண்டிவிட்டது. இரத்தம் வரவில்லை. அவர்கள் தடுப்பூசி அட்டையைக் காட்டுகிறார்கள். ஊசி தேவையா? – ஒரு தாய், திருப்பூர்

தேவை அம்மா. உலக சுகாதார நிறுவனம் இதை மூன்று வகையாகப் பிரிக்கிறது. விலங்கைத் தொட்டது, உணவு கொடுத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது எல்லாம் முதல் வகை, எதுவும் வேண்டாம். இரத்தம் கசியாத சிறு கீறலும், வெறும் தோலைப் பல்லால் லேசாகக் கவ்வியதும் இரண்டாம் வகை. கழுவ வேண்டும், தடுப்பூசி போட வேண்டும். தோல் கிழிந்த கடி, இரத்தம் வந்த கீறல், புண்ணை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை; இவற்றுக்குத் தடுப்பூசியோடு சீரமும் (காயத்தில் செலுத்தும் எதிர்ப்பொருள் மருந்து) வேண்டும். உங்கள் மகளுக்கு நேர்ந்தது இரண்டாம் வகை.

அந்த அட்டையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். குட்டிக்கு முதலில் போடப்படும் ஊசிகள் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கானவை. வெறிநோய் ஊசி ஏறத்தாழ மூன்று மாத வயதில்தான் தொடங்கும். இரண்டு மாதக் குட்டியின் அட்டையைக் காட்டி ‘எல்லாம் போட்டாயிற்று’ என்று சொன்னவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னார்கள். வெறிநோய் ஊசியே போட்டிருந்தாலும், கடிபட்ட குழந்தைக்குச் சிகிச்சையைத் தொடங்காமல் இருக்க அட்டை ஒன்று மட்டும் காரணமாகாது.

கழுவுவது என்றால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில், 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதை உடைத்துவிடும். பிறகு பொவிடோன் அயோடின் தடவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, எருக்கம்பால், மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் காயத்தின் அருகே போகக் கூடாது.

கேள்வி: கடித்த நாயைப் பத்து நாள் பார்த்துவிட்டு, அது செத்தால் ஊசி போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே?

தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஊசியைக் கடிபட்ட அன்றே தொடங்க வேண்டும். தொடங்கிய சிகிச்சையை முழுமையாகத் தொடர்வதா, மாற்றியமைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்கத்தான் அந்தப் 10 நாள். நோயுற்ற நாயின் எச்சிலில் வைரஸ் வெளிப்படுவது அறிகுறிகளுக்குச் சில நாள் முன்பிருந்துதான்; பிறகு அந்த நாய் அதிக நாள் உயிரோடு இருக்காது. எனவே பத்தாம் நாளும் நன்றாக உண்டு, ஓடித் திரிகிறது என்றால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று கொள்ளலாம். இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்கு, கீரி, நரி ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

கேள்வி: என் தம்பியின் கன்னத்தில் தெருநாய் கடித்துவிட்டது. தனியார் மருத்துவமனையில் தையல் போட்டு, கையில் ஒரு ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளாகிறது. இது போதுமா?

போதாது. இன்றே கிளம்புங்கள்.

தடுப்பூசி போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது. உடல் தன் எதிர்ப்பொருளை உருவாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இம்யூனோகுளோபுலின், மருத்துவமனையில் ‘சீரம்’ என்று சொல்வார்களே, அது. இப்போது மோனோகுளோனல் எதிர்ப்பொருளும் இதே வேலைக்கு வந்திருக்கிறது. இதைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்த வேண்டும். உடல் எடையைக் கொண்டு அளவு கணக்கிடுவார்கள்: குதிரையிலிருந்து எடுக்கப்படுவது கிலோவுக்கு 40 அலகு, மனிதரிலிருந்து எடுக்கப்படுவது கிலோவுக்கு 20 அலகு. முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும்; அதற்குப் பிறகு பயனில்லை. உங்கள் தம்பிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகியவை நரம்புகள் செறிந்த இடங்கள். வைரஸ் இரத்தத்தில் பயணிப்பதில்லை, நரம்பு வழியாக மூளைக்கு ஏறுகிறது. முகத்திலிருந்து மூளைக்குத் தூரம் குறைவு. பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதத்தில் அறிகுறி தெரியும் என்றாலும், இத்தகைய கடியில் அதைவிட விரைவாகவும் தெரியலாம். அறிகுறி தோன்றிவிட்டால் காப்பாற்றும் மருந்து கிடையாது.

நாய்க்கடிக் காயத்தைக் கூடுமானவரை தைக்கக் கூடாது. தைத்தே தீர வேண்டுமென்றால் முதலில் சீரம், பிறகு தளர்வாகச் சில தையல்கள். போகும்போது பழைய சீட்டை எடுத்துச் செல்லுங்கள். ‘சீரம் இருக்கிறதா’ என்று போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் தடுப்பூசியையும் இம்யூனோகுளோபுலினையும் எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. இல்லை என்றால், இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: இரண்டாவது ஊசியைத் தவறவிட்டுவிட்டேன். மறுபடி முதலிலிருந்தா?

இல்லை. உடனே போய் அந்தத் தவணையைப் போட்டுக்கொண்டு தொடருங்கள். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆம் நாள்கள் (முதல் ஊசி போடும் நாள்தான் 0). ஒவ்வொரு முறையும் இரு கைகளிலும். தசையில் போடுவதென்றால் 0, 3, 7, 14, 28. புட்டத்தில் போடக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் அது ஒழிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பயத்தில் யாராவது இன்னும் மறைந்திருந்தால் வெளியே வரலாம்.

கேள்வி: கர்ப்பிணி போட்டுக்கொள்ளலாமா? பத்தியம் உண்டா?

கர்ப்பிணியும் பாலூட்டுபவரும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் கிடையாது. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொள்வது உங்கள் விருப்பம்; ஊசி போட்டுக்கொண்ட பிறகு கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாய் கடித்தால் யாரிடம் புகார் செய்ய வேண்டும்? செய்யாவிட்டால் சட்டப்படி குற்றமா? – கல்லூரி மாணவர், மதுரை

கடிபட்டவர் போலீஸுக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தகவல் மூன்று திசைகளில் போக வேண்டும். நான் பார்த்தவரை ஒரு திசையில்தான் போகிறது.

முதலாவது மருத்துவமனை. நாய்க்கடி, நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் கீழ் எண்ணிக்கை அனுப்ப வேண்டிய இனங்களில் ஒன்று. மனிதருக்கு வரும் வெறிநோயை, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கும்படி மத்திய சுகாதார அமைச்சகம் 2021 செப்டம்பரில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. எனவே ஊசி போடும் இடத்தில் உங்கள் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. ஆனால் என்ன ஏறுகிறது? ‘நாய்க்கடி, இடது கால்.’ எந்தத் தெரு, எத்தனை மணி, தெருநாயா வளர்ப்பு நாயா, காதில் கருத்தடை செய்ததற்கான வெட்டு அடையாளம் உண்டா, அதே நாய் வேறு யாரையாவது கடித்ததா என்ற கட்டங்கள் காலியாகவே இருக்கும். ஓ.பி. சீட்டு வரிசை நகர்ந்தாக வேண்டும் என்று எழுதுபவருக்கு அவசரம். நீங்களே சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது உள்ளாட்சி. மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ, அந்த நாயைப் பிடித்துக் கண்காணிக்கும் பொறுப்பு அங்கேதான் இருக்கிறது. சென்னையில் 1913 என்ற எண்ணில் புகார் செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனைப் பதிவேடு தானாக மாநகராட்சிக்குப் போய்ச் சேரும் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். ஒரு வெறிநாய் ஒரே காலையில் பத்துப் பேரைக் கடித்துவிட்டு மூன்று தெரு தாண்டிப் போய்விடும். பத்துப் பேரும் ஊசி போட்டுப் பிழைத்துக்கொள்வார்கள். அது வழியில் கடித்த மற்ற நாய்களைத் தேடிப் போக வேண்டியவருக்குத் தகவல் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

மூன்றாவது கால்நடைத் துறை. விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009-இன் அட்டவணையில் வெறிநோய் இருக்கிறது. நோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் விலங்கை வைத்திருப்பவர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவித்து, மற்ற விலங்குகளிடமிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். இங்கே தெரிவிப்பது கட்டாயம்தான்.

நாய் செத்துவிட்டால் உடனே புதைக்காதீர்கள். கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். மூளைத் திசுவைச் சோதித்தால்தான் நோய் உறுதியாகும். தலையை நீங்களே வெட்டி எடுக்கும் சாகசம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் நாய் கூரியர் கொண்டுவந்த பையனைக் கடித்துவிட்டது. எங்கள் மேல் வழக்கு வருமா? நாயைக் கிராமத்துக்கு அனுப்பிவிடலாமா?

கிராமத்துக்கு அனுப்புவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. அந்தப் பையனுக்குத் தேவையான முதல் தகவலே உங்கள் நாய் அடுத்த 10 நாள் எப்படி இருக்கிறது என்பதுதான். நாயைக் கட்டிப்போட்டு, கால்நடை மருத்துவரிடம் காட்டி, தடுப்பூசி அட்டையின் நகலைப் பையனிடம் கொடுங்கள். மருத்துவச் செலவையும் அவன் கேட்கும் முன்பே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சட்டம் இதுதான்: தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால், பாரதிய நியாய சம்ஹிதா (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 291 ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மாட்டியிருந்தோம் என்பது முழுக் கவசம் ஆகாது. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று இல்லாமல் உரிமம் இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உள்ளாட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெறிநாய் கடித்த எங்கள் பசு நோயால் இறந்துவிட்டது. அதன் பாலை வீட்டில் எல்லோரும் குடித்திருக்கிறோம். – விவசாயி, தருமபுரி

காய்ச்சிய பாலால் ஆபத்து இல்லை. கொதிக்கும் சூட்டில் வைரஸ் பிழைக்காது. பால் குடித்ததற்காக மட்டும் ஊசி தேவையில்லை.

நான் உங்களிடம் கேட்க வேண்டியது வேறு. பசு எச்சில் ஒழுக நின்றபோது, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று யாராவது வாய்க்குள் கை விட்டுப் பார்த்தீர்களா? கிராமத்தில் அநேகமாக யாராவது பார்த்திருப்பார்கள். வெறிநோய் கண்ட மாட்டுக்கு விழுங்க முடியாமல் போகும். அதைக் கிழங்கு அடைத்துக்கொண்டது என்று நினைத்துவிடுகிறோம். கை விட்டவர், மருந்து புகட்டியவர், மூக்கணாங்கயிறு பிடித்தவர் எல்லோரையும் வரிசையாக நினைவுபடுத்துங்கள். கையில் சிறு வெடிப்போ கீறலோ இருந்து எச்சில் பட்டிருந்தால் அது மூன்றாம் வகை. அவர்கள் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், ஊசி இலவசம்தான். அதே நாய் கடித்த மற்ற மாடுகளுக்குக் கடிக்குப் பிந்தைய ஊசி உண்டு. 1962-க்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும்.

கேள்வி: எலி கடித்தால்?

வீட்டு எலிக்கு வெறிநோய் ஊசி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: தெருநாய்களை ஊராட்சி பிடித்து ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டால் என்ன?

விடக் கூடாது. 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, காதில் அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கும் நாயை விடக் கூடாது. தனிமைப்படுத்தி வைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று இதையே நாடு முழுவதற்கும் உறுதிசெய்தது. ஆக்ரோஷமான நாய்களையும் திருப்பி விடக் கூடாது என்றது. நவம்பர் 7 உத்தரவில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றும் சொன்னது.

பிடித்து வேறிடத்தில் விடுவதால் பயனில்லை என்பது என் சொந்த அனுபவமும்கூட. ஊசி போட்ட நாய் போன இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து சேரும். ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பதே உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட கணக்கு. காதில் வெட்டு இருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருந்துவிடாதீர்கள். கருத்தடை ஒருமுறைதான், ஊசியை மறுபடி மறுபடி போட வேண்டும். அதை எந்த வெட்டும் காட்டாது.

கேள்வி: நான் தினமும் தெருநாய்களுக்கு உணவு வைக்கிறேன். முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்வதே நல்லது. மூன்று தவணை. பிறகு கடிபட்டால் 0, 3 ஆம் நாள்களில் இரண்டு ஊசி போதும், சீரம் வேண்டாம். ‘முன்பே போட்டிருக்கிறேன்’ என்று அந்த இரண்டையும் விட்டுவிடக் கூடாது. உணவை உள்ளாட்சி ஒதுக்கிய இடத்தில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: தெருநாய் கடித்தால் இழப்பீடு கிடைக்குமா?

பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2023-இல் ஒரு பல் பதிவுக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று அளவுகோல் வகுத்தது. அது அந்த எல்லைக்குள்தான் செல்லும். இங்கே நீங்கள் தனியாக வழக்காட வேண்டியிருக்கும். அப்போது நீதிமன்றம் கேட்கப்போவது ஓ.பி. சீட்டு, காயத்தின் புகைப்படம், உள்ளாட்சிப் புகார் எண். மேலே நான் சொன்ன பதிவு இதற்கும் உதவும்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

முதலில், கடித்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்று சொல்லுங்கள். நாயைச் சீண்டியதற்கு அடி விழும் என்று பயந்து கடியை மறைக்கிற வயது அது. காலில் உள்ள கீறலை முள் குத்தியது என்பார்கள். அடுத்து, பள்ளியில் குழாயும் சோப்பும் எப்போதும் இருக்கட்டும். பெற்றோர் வரும்வரை காத்திருக்காமல் கழுவத் தொடங்குங்கள். கழுவி முடிக்கும்போது அவர்களும் வந்திருப்பார்கள். பள்ளிக்கென்று ஒரு நோட்டு வைத்து, கடி நடந்த தேதி, இடம், நாயின் அடையாளம் ஆகியவற்றை எழுதி, நகலை அன்றே ஊராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொடுத்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். 28 ஆம் நாள் ஊசிக்கான தேதியையும் அந்த நோட்டிலேயே குறித்துக்கொள்ளுங்கள். புண் ஆறிவிட்டது என்று பெற்றோர் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்தக் கடைசித் தவணையைத்தான்.