பாய்மரப் படகு கிளப்பில் எனக்கு டூட்டி போட்டிருக்கிறார்கள், எனக்கோ பந்தயமே தெரியாது. மறுத்துவிடலாமா?

கேட்டவர் கிருஷ்ணகிரிக்காரர். வேலைக்காக இங்கிலாந்து போயிருக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நீர்த்தேக்கத்தில் ஒரு பாய்மரப் படகு கிளப், அதில் மகனோடு சேர்ந்திருக்கிறார். ஏப்ரலில் வசந்தகாலப் பந்தயங்கள் தொடங்குகின்றன. பந்தயம் நடத்தும் வேலைகளை உறுப்பினர்களே முறைவைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் டூட்டி. அந்தப் பட்டியலில் அவர் பெயருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை. "நீச்சலே சுமார்தான், படகு ஓட்டவும் தெரியாது, என்னை வைத்து என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

மறுக்காதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டம், ஏரியூர்ப் பக்கம். செவிலியராக ஐந்து வருடம் இங்கிலாந்தில் இருந்தேன். அதில் நான்கு வசந்தகாலம் உங்களுடையதைப் போன்ற ஒரு கிளப்பில் டூட்டி பார்த்திருக்கிறேன். சேர்ந்த புதிதில் உங்களுக்கு இருக்கும் அதே தயக்கம் எனக்கும் இருந்தது. எனக்கு இருந்த ஒரே அனுபவம், அப்பா நாகமரைத் துறையில் பரிசல் ஓட்டியவர் என்பதுதான். அக்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். நடுவே மேட்டூர் அணையின் தேங்கிய தண்ணீர். அணை நிரம்பினால் 120 அடி. வறண்ட வருடங்களில் தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். தண்ணீர் ஏறி இறங்க, துறையும் அதன் பின்னாலேயே இடம் மாறும். கரையில் நின்று காற்றைப் பார்ப்பது, அக்கரையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுவது, இதெல்லாம் சின்ன வயதில் எனக்கு விளையாட்டு மாதிரி. அங்கே டூட்டியில் நின்ற முதல் நாளே தெரிந்தது, அவர்கள் என்னிடம் கேட்பதும் இதைத்தான்.

பந்தயம் தொடங்கும் முன்பே, மார்ச்சில், ஒரு நாள் எல்லோரையும் வரச் சொல்வார்கள். குளிர்காலம் முழுவதும் வெளியே கிடந்த படகுகளின் டிரெய்லர் டயருக்குக் காற்றடிப்பது, படகு இறக்கும் சரிவில் படிந்த பாசியைச் சுரண்டுவது, மிதவைகளின் சங்கிலியும் கயிறும் இற்றுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது, முதலுதவிப் பெட்டியில் காலாவதியானதை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது. போய் வாருங்கள். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும், ஆட்களும் பழகிவிடுவார்கள். மார்ச் கடைசி ஞாயிறு அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அதன்பிறகு மாலையில் வெளிச்சம் நீண்டு, வார நாள் சாயங்காலப் பந்தயங்களும் சேர்ந்துகொள்ளும்.

புதியவர்களைப் பெரும்பாலும் ரேஸ் ஆபீசருக்கு, அதாவது அன்றைய பந்தயத்தை நடத்துபவருக்கு, உதவியாகத்தான் போடுவார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

பாய்மரப் படகு காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக இடமும் வலமும் மாறி மாறித்தான் எதிர்க்காற்றில் முன்னேறும். அதனால் பந்தயத்தை எதிர்க்காற்றை நோக்கியே தொடங்குவார்கள், எல்லாப் படகும் ஒரே திசையில் ஒரே மாதிரி பாடுபட வேண்டும் என்பதற்காக. பந்தயம் நடத்துபவர்கள் நிற்கும் கமிட்டி படகின் கம்பத்துக்கும் ஒரு மிதவைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கோடு, அதுதான் தொடக்கக் கோடு. அது காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ஒரு முனை காற்றுப் பக்கம் அதிகமாகச் சாய்ந்திருந்தால் எல்லாரும் அங்கேயே போய் முட்டிக்கொள்வார்கள். காற்றைப் பார்த்து மிதவையை நகர்த்தச் சொல்வது ரேஸ் ஆபீசரின் வேலை. அவர் பக்கத்திலேயே நின்று கவனியுங்கள்.

பிறகு கொடிகள். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த வகைப் படகுக்கான கொடி ஏறும், ஒரு ஹார்ன். நான்கு நிமிடம் இருக்கும்போது, நீலத்துக்கு நடுவே வெள்ளைச் சதுரம் போட்ட 'பி' கொடி ஏறும், இன்னொரு ஹார்ன். ஒரு நிமிடம் இருக்கும்போது 'பி' இறங்கும், ஒரு நீண்ட ஹார்ன். நேரம் வந்ததும் முதல் கொடி இறங்கும், ஹார்ன், படகுகள் பாயும். விதிப்படி கொடிதான் கணக்கு. ஹார்ன் அடிக்கத் தவறினாலும் தொடக்கம் செல்லும், கொடி பிந்தினால்தான் சிக்கல். அதனால் கொடிக் கயிறு உங்கள் கையில் இருந்தால், ஹார்ன்காரரைப் பார்க்காதீர்கள், நேரம் சொல்பவரின் குரலை மட்டும் கேளுங்கள். யாராவது நேரத்துக்கு முன்பே கோட்டைத் தாண்டியிருந்தால், வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட 'எக்ஸ்' கொடியும் ஒரு ஹார்னும். தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். யார் யார் என்றே பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குப் பல பேர் தாண்டியிருந்தால் எல்லாரையும் திரும்ப அழைத்துவிடலாம்.

காற்று நிலைகொள்ளாமல் சுற்றினாலோ, மிஞ்சிப் போனாலோ, சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக நீண்ட ஒரு கொடி ஏறும், இரண்டு ஹார்ன். பந்தயம் தள்ளிவைக்கப்பட்டது என்று பொருள். இந்தக் கொடியை முதன்முதலாக என் கையால் ஏற்றிய நாளில் அப்பா ஞாபகம்தான் வந்தது. ஆடிக் காற்றில் மேட்டூர்த் தண்ணீரில் அலை எழும்பும். மேல்காற்று பிடித்துவிட்டால் அவர் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். பண்ணவாடிச் சந்தைக்குப் போகவேண்டியவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அசைய மாட்டார். "இன்னிக்கு இல்லீங்க, காத்து அடங்கட்டும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அன்று ராத்திரி போனில் இதைச் சொன்னபோது அவர், "வெள்ளைக்காரன் ஊர்லயும் காத்துக்கு நின்னுதான் போவணும் கண்ணு" என்றார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கு எந்தப் பக்கத்துக் காத்து?"

முடிவுக் கோட்டில் எழுதும் வேலையைச் சின்னதென்று நினைத்துவிடாதீர்கள். வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாகப் போட்டியிடும் கிளப்களில், ஒவ்வொரு வகைக்கும் போர்ட்ஸ்மவுத் எண் என்று ஒன்று உண்டு. வேகமான படகுக்குக் குறைந்த எண், மெதுவான படகுக்கு அதிக எண். எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். எண் 1100 உள்ள படகு 55 நிமிடத்தில் வந்தால் கணக்கில் 50 நிமிடம். எண் 1000 உள்ள படகு 52 நிமிடத்தில் முன்னால் வந்திருந்தாலும் கணக்கில் 52 தான். பின்னால் வந்தவர் ஜெயித்துவிடுவார். ஆகவே நீங்கள் எழுதும் ஒவ்வொரு நொடியும் ஒருவருடைய இடத்தை மாற்றும்.

என் இரண்டாவது வருடத்தில் இதில் ஒரு தவறு செய்தேன். நாலைந்து படகுகள் ஒரே கொத்தாகக் கோட்டைக் கடந்தன. அவசரத்தில் ஒரு பையனின் பாய் எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதிவிட்டேன். அவன் பந்தயத்தையே முடிக்கவில்லை என்று பட்டியலில் வந்துவிட்டது. பத்து வயதுப் பிள்ளை, ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகில் முதன்முறையாகச் சுற்று முழுக்க முடித்திருந்தான். ஈரத் துணியோடு வந்து, "நான் முடித்தேன், மிஸ்" என்று மட்டும் சொன்னான். ரேஸ் ஆபீசர் கைபேசியில் குரல் பதிவு வைத்திருந்ததால் திருத்த முடிந்தது. அன்றிலிருந்து நான் எண்களை உரக்கச் சொல்லிப் பதிவு செய்வேன், இன்னொருவர் எழுதுவார். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். நீங்களும் இதை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புப் படகில் உங்களைப் போட்டால், ஓட்டுபவராக அல்ல, உடன் செல்பவராகத்தான் போடுவார்கள். ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஓட்டுபவரின் காலில் ஒரு சுருள் கயிறு கட்டியிருக்கும். அவர் தண்ணீரில் விழுந்தால் அது பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும். கிளம்பும் முன் அது கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், புதியவர் கேட்கலாமா என்று தயங்காதீர்கள். ஒரு படகு கவிழ்ந்தால் முதல் வேலை தலைகளை எண்ணுவது. இரண்டு பேர் போன படகு என்றால் இரண்டு தலை தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அவர்களே படகை நிமிர்த்திவிடுவார்கள், நாம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் போதும். தண்ணீரில் ஆள் இருக்கும்போது எஞ்சின் சுழலியோடு கிட்டே போகக்கூடாது. ஆள் முதலில், படகு பிறகு.

செவிலியராக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏப்ரலில் அங்கே வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் தண்ணீர் குளிர்காலத்தை விட்டு வந்திருக்காது. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. நீச்சல் தெரிந்தவர்களும் இதில்தான் போகிறார்கள். விழுந்தால் நீந்த முயலாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு அடங்கும்வரை, ஒன்றிரண்டு நிமிடம், பொறுத்திருங்கள். லைஃப் ஜாக்கெட் கரையிலேயே மாட்டிக்கொள்ள வேண்டும். ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறும்போது மாட்டச் சொல்கிறார்களே, அதை நம் ஊரில் பலர் போட்டோவுக்குப் பிறகு கழற்றிவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனது பதறுகிறது.

சமையலறை டூட்டியும் வரலாம். டீயும் ரொட்டியும்தான், பயப்பட ஒன்றுமில்லை. நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சூடாகக் கொடுங்கள்.

வேலை ஷிப்டோடு டூட்டி மோதினால் வராமல் இருந்துவிடாதீர்கள், முன்கூட்டியே யாரோடாவது மாற்றிக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் படகுக்கு ஆள் இல்லை என்றால் அன்று பந்தயமே கிடையாது. முப்பது குடும்பம் கரையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போகும். டூட்டி பார்த்தால் மகனின் பந்தயப் புள்ளி போய்விடுமோ என்று சிலர் கவலைப்படுவார்கள். பல கிளப்களில் டூட்டி பார்த்த நாளுக்குச் சராசரிப் புள்ளி கொடுத்துவிடுகிறார்கள், உங்கள் கிளப்பின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உலகம் முழுவதும் இந்தப் பந்தயங்களுக்கு ஒரே விதிப்புத்தகம், நான்கு வருடத்துக்கு ஒருமுறை திருத்துவார்கள். அதன் முதல் விதியே ஆபத்தில் இருப்பவருக்கு முடிந்த எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பது. வேகம், வழிவிடுதல், தண்டனை எல்லாம் அதற்கு அப்புறம்தான். உதவப் போய்ப் பந்தயத்தில் பின்தங்கியவர் நியாயம் கேட்டு மனுக் கொடுக்கலாம், அவருக்கு ஈடாகப் புள்ளி கொடுக்கவும் வழி இருக்கிறது. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாகமரையில் எந்தப் பரிசலுக்கு ஏதாவது என்றாலும், கூலி பேசி ஏற்றிய ஆளைக் கரையில் இறக்கிவிட்டு மற்ற எல்லாப் பரிசலும் அங்கே போகும். யாரும் எழுதி வைக்கவில்லை. "எளுதி வெச்சிருக்காங்களா!" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஊர் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது. நம் மாவட்டங்களில் இப்படி ஒரு கிளப் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மனதார விரும்புகிறேன். கே.ஆர்.பி. அணையைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கும் அது தோன்றியிருக்கும். சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது, பாய்மரப் படகில் அப்படித் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். ராணுவத்தில் இருக்கும் விஷ்ணு சரவணன் 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அவர்கள் ஓடிய ஒவ்வொரு பந்தயத்திலும் யாரோ ஒருவர் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

முதல் டூட்டிக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கம்பளித் தொப்பி, கையுறை, மாற்று உடை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்குப் பேனா வேண்டாம், மழையில் மை கரைந்துவிடும். பென்சில் இரண்டு வையுங்கள், ஒன்று கட்டாயம் தண்ணீரில் விழும்.